பட்டாளத்திலிருந்து வேலைக்கு: வாசகர் கேள்வி – பதில்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வெளியே வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் சிக்கல்களை எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். கடலூர், நெல்லிக்குப்பம், வில்லியனூர், பாகூர் என்று நம் பக்கத்திலிருந்தே நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து, அப்புறம் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் நிர்வாகப் பொறுப்பைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: காலாட்படையில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். இப்போது கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். நான் கத்துகிறேன் என்று பையன்கள் எச்.ஆரிடம் புகார் கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு, "இது பட்டாளம் இல்லை சார்" என்கிறார். ஒழுங்கை எதிர்பார்ப்பது தப்பா?
(நெல்லிக்குப்பம் வாசகர்)

தப்பே இல்லை. ரசாயனத் தொழிற்சாலையில் ஒழுங்கு கட்டாயம் வேண்டும். ஆனால் பட்டாளத்தில் அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள், அது உங்கள் குரலிலிருந்து வரவில்லை.

அங்கே நீங்கள் ஒரு சொல் சொன்னதும் பத்துப் பேர் எழுந்து ஓடினார்கள் என்றால் அதற்குப் பின்னால் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, 1950-ஆம் வருட ராணுவச் சட்டம். மேலதிகாரியின் உத்தரவை மீறுவது அதன் 41-வது பிரிவில் குற்றம். இன்னொன்று, என்னைக் கேட்டால் அதைவிடப் பெரியது: அந்தப் பத்துப் பேரோடு நீங்கள் ஒரே லங்கரில் சாப்பிட்டீர்கள், ஒரே பாரக்கில் படுத்தீர்கள், ஒருத்தனுடைய அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தந்தி மாதிரி ஒரு போன் வந்தால் அவனுக்கு லீவு வாங்கித் தர நீங்கள்தான் சுபேதார் சாப் முன்னால் போய் நின்றீர்கள். சிப்காட்டில் முதலாவது கிடையாது. பக்கத்து கம்பெனியில் ஐந்நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்றால் கான்ட்ராக்ட் பையன் நாளைக்கே அங்கே போய்விடலாம், யாரும் தடுக்க முடியாது. இரண்டாவதை நீங்கள் அங்கே இன்னும் சம்பாதிக்கவில்லை. அதுவரை உங்கள் குரல் அவர்கள் காதில் வெறும் சத்தமாகத்தான் விழும்.

கால்களைப் பார்க்கிற ஃபுட் இன்ஸ்பெக்‌ஷன் நினைவிருக்கிறதா? ரூட் மார்ச் முடிந்து எல்லாரும் பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை உருவிப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். பிளட்டூன் கமாண்டர் ஒவ்வொருத்தர் முன்னாலும் குனிந்து குதிகாலில் கொப்புளம் இருக்கிறதா, விரலிடுக்கு வெந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார். அவரும் அதே தூரம் நடந்தவர்தான், தன் காலைக் கடைசியில்தான் பார்ப்பார். டேராடூன் ராணுவ அகாடமியில் செட்வுட் ஹாலில் எழுதி வைத்திருக்கிறார்களே, நாட்டின் பாதுகாப்பும் கௌரவமும் நலனும் முதலில், உனக்குக் கீழே இருப்பவர்களின் கௌரவமும் நலனும் வசதியும் அடுத்து, உன் சுகமும் வசதியும் பாதுகாப்பும் எப்போதும் கடைசி என்று, 1932-ல் சொன்ன அந்த வாசகம் அதிகாரிகளுக்காகச் சொன்னதுதான். ஆனால் நல்ல ஹவில்தார்கள் அதைப் படிக்காமலே செய்துகொண்டிருந்தார்கள். நீங்களும் செய்திருப்பீர்கள். வெளியே எடுத்து வர வேண்டியது அதைத்தான்.

உங்கள் பையன்கள் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆறு மணி ஷிப்டுக்கு வருகிறவர்களாக இருக்கும். விடியுமுன் கிளம்பியவன் சாப்பிட்டிருக்க மாட்டான். நாளையிலிருந்து பத்து நிமிடம் முன்னாடி போய் உடை மாற்றுகிற இடத்தில் நில்லுங்கள். யார் முகம் வாடியிருக்கிறது, யார் ஷூவின் அடிப்பாகம் தேய்ந்துவிட்டது, யார் கையுறை கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். கிழிந்ததைப் பார்த்தால் அவனைத் திட்டாமல் நீங்களே ஸ்டோருக்குப் போய் மாற்றி வாங்கிக் கொடுங்கள். ராத்திரி ஷிப்ட் பார்த்தவர், சென்ட்ரி மாறும்போது செய்கிற மாதிரி, எந்த பம்ப் சத்தம் போடுகிறது, எந்த வால்வு கசிகிறது என்று நேருக்கு நேர் நின்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்ற பழக்கத்தைக் கொண்டு வாருங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்து பாருங்கள், கத்த வேண்டிய அவசியமே வராது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. உங்களைப் பார்த்துப் பயப்படுகிற பையன், ரியாக்டரில் அழுத்தம் ஏறுகிறதைப் பார்த்தாலும் "சார் திட்டுவார்" என்று வாயைத் திறக்காமல் இருந்துவிடுவான். 2021 மே மாதம் நம் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்ததை அங்கே வேலை செய்கிற யாரும் மறந்திருக்க முடியாது. பட்டாளத்திலும் பேச இடம் இருந்தது. சைனிக் சம்மேளனம் என்கிற படைவீரர் கூட்டத்தில் சாதாரண ஜவான் எழுந்து நின்று கமாண்டிங் ஆபீசரிடமே தன் குறையைச் சொல்லலாம். அந்த வழக்கத்தை உங்கள் ஷிப்டில் தொடங்குங்கள். பட்டாளத்தில் உத்தரவுக்குக் கீழ்ப்படிதல் மட்டும்தான் இருந்தது என்று மேனேஜர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கும் இது தெரியட்டும்.

கேள்வி: என் கணவர் 17 வருட சர்வீஸ் முடித்து 38 வயதில் வந்துவிட்டார். கடைசியில் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாராக இருந்தார். ஆறு மாதமாக வீட்டில்தான். எங்கே போனாலும் வாட்ச்மேன் வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள், அவர் போக மாட்டேன் என்கிறார். பேசவும் மாட்டேன் என்கிறார். மாமியார் என்னைத்தான் குறை சொல்கிறார்.
(வில்லியனூர் வாசகி)

சகோதரி, முதலில் அவர் பயோடேட்டாவை எடுத்துப் பாருங்கள். 'சி.க்யூ.எம்.எச்.' என்று எழுதியிருப்பார். அதைப் படிக்கிற எச்.ஆர். பெண்ணுக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்? 'எக்ஸ் ஆர்மி' என்ற இரண்டு சொல் மட்டும் புரியும், உடனே செக்யூரிட்டி என்று முடிவு கட்டிவிடுவார்.

அவர் உண்மையில் என்ன வேலை பார்த்தார்? ஏறக்குறைய 120 பேருக்கான ரேஷன், உடை, படுக்கை, பாத்திரம், கூடாரம் எல்லாவற்றுக்கும் கணக்கு. வந்தது, கொடுத்தது, கிழிந்தது, திருப்பியது என்று லெட்ஜரில் ஒவ்வொரு வரியும் அவர் கையெழுத்து. ஆடிட் வந்தால் ஒரு கம்பளி குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். யூனிட் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாறும்போது அத்தனையையும் கட்டி, ரயிலில் ஏற்றி, போய்ச் சேர்ந்த அன்று ராத்திரியே எல்லாருக்கும் சாப்பாடும் போர்வையும் கிடைக்கும்படி பார்த்தவர் அவர். இதற்கு வெளியே பெயர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், கிடங்கு மேற்பார்வையாளர். திருபுவனை, சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் ஹோட்டல்களிலும் இந்த வேலைக்கு நம்பிக்கையான ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள். பயோடேட்டாவில் பதவியின் பெயரை எடுத்துவிட்டு, எத்தனை பேருக்கு, என்னென்ன பொருளுக்கு, எத்தனை வருடம் கணக்கு வைத்தார் என்று எழுதச் சொல்லுங்கள். அவரிடம் இல்லாதது எக்செல், டேலி, ஜி.எஸ்.டி. பில் இந்த மூன்றும்தான். இரண்டு மூன்று மாத வகுப்பில் வந்துவிடும்.

அரசு வேலையையும் விடக்கூடாது. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்கள், வங்கிகளின் குரூப் சி பணிகளில், போரில் உடல் ஊனமுற்றவர்களையும் இறந்தவர்களின் குடும்பத்தாரையும் சேர்த்து, 14.5 சதவீதமும் ஒதுக்கீடு இருக்கிறது. வயது போய்விட்டதே என்று நினைக்க வேண்டாம். அவர் வயதிலிருந்து சர்வீஸ் வருடங்களைக் கழித்துத்தான் பார்ப்பார்கள். 38-ல் 17 போனால் 21. இப்படிக் கழித்து வருகிற வயது, வேலைக்கான உச்சவரம்பை மூன்று வருடம் வரை தாண்டினாலும் பரவாயில்லை. பத்தாம் வகுப்பு முடித்து 15 வருடத்துக்குக் குறையாமல் சர்வீஸ் செய்தவர்களை, பட்டம் கேட்கிற குரூப் சி பணிகளில், தொழில்நுட்பத் தகுதி தேவைப்படாத இடங்களுக்குத் தகுதி உள்ளவர்களாகக் கருதவும் விதி இருக்கிறது. டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக்கொண்டு புதுச்சேரி முப்படை நலத்துறையில் போய்ப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கடலூர்க்காரர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

வாட்ச்மேன் வேலை கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன், எத்தனையோ பேர் அதில் கௌரவமாகக் குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் அவருக்கு வேறு திறமை இருக்கும்போது அதில்தான் போய் உட்கார வேண்டும் என்பதில்லை.

இப்போது வீட்டு விஷயம். அவர் பேசாமல் இருப்பது உங்கள் மேல் இருக்கிற கோபம் இல்லை. காலையில் ஃபால்-இன்னில் தொடங்கி ராத்திரி ரோல் கால் வரைக்கும், அடுத்தது என்ன என்று யோசிக்க வேண்டாத ஒரு வாழ்க்கையிலிருந்து வந்திருக்கிறார். 120 பேர் அவரைத் தேடி வந்தார்கள், இப்போது யாரும் வருவதில்லை. அது பெரிய வலி. அதே சமயம் அந்த 17 வருடமும் பிள்ளைகள் படிப்பு, மாமியார் மருந்து, கரண்ட் பில், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் நீங்கள் தனியாக நின்று பார்த்தீர்கள். அந்த வீட்டுக்கு இப்போது புதிதாக வந்திருப்பவர் அவர்தான் என்பதை அவரும் புரிந்துகொள்ள வேண்டும். ஏதாவது ஒரு பொறுப்பை முழுசாக அவரிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவதோ ரேஷன் கடையோ, எதுவானாலும் சரி, நடுவில் நீங்கள் போய்த் திருத்த வேண்டாம். இந்தப் பகுதியை உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இரண்டு மாதம் கழித்தும் தூக்கம் இல்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். ஜிப்மரில் தனிப் பிரிவே இருக்கிறது.

கேள்வி: பென்ஷன்தான் வருகிறதே, அப்புறம் எதற்கு வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். என் வயது 40.
(முத்தியால்பேட்டை வாசகர்)

புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்புதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த நாட்டுப் பணத்தில் பென்ஷன் வந்தது, அதில் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். உங்கள் கணக்கு வேறு, பையன் கல்லூரிக்குப் போகும்போது தெரியும். பணத்தை விடுங்கள், 40 வயதில் இன்னும் 20 வருடம் உழைக்கிற உடம்பு உங்களுக்கு இருக்கிறது. போங்கள்.

கேள்வி: நான் ராணுவத்தில் இருந்தவள் இல்லை. லாஸ்பேட்டையில் 12 பெண்கள் சேர்ந்து கல்யாண சமையல் எடுத்துச் செய்கிறோம். 300 பேர் வரைக்கும் பிரச்சினை இல்லை, 800 பேர் என்றால் எல்லாம் குழம்பிவிடுகிறது. எல்லாரும் என்னையே கேட்கிறார்கள். பட்டாளத்தில் இத்தனை பேரை எப்படி நடத்துகிறார்கள்? எங்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது உண்டா?
(லாஸ்பேட்டை வாசகி)

உண்டம்மா, நிறைய உண்டு. உங்கள் கடிதம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒரு ரோந்துக்கோ தாக்குதலுக்கோ போவதற்கு முன்னால் தரையில் மண்ணைக் குவித்து மேடு, ஓடை, பாதை எல்லாம் காட்டி ஒரு மாதிரி செய்வார்கள். சேண்ட் மாடல் என்று சொல்வோம். அதைச் சுற்றி எல்லாரும் உட்கார, கமாண்டர் ஐந்து தலைப்பில் பேசுவார்: நிலைமை என்ன, நோக்கம் என்ன, எப்படிச் செய்யப் போகிறோம், சாப்பாடு–சாமான்–அடிபட்டால் என்ன ஏற்பாடு, தலைமையும் தகவல் போகிற வழியும் எப்படி. கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்டு எல்லாரும் தலையாட்டியதும் முடித்துவிட மாட்டார். "நீ சொல், ஓடைக்கு அந்தப் பக்கம் போனதும் நீ என்ன செய்வாய்?" என்று பின்வரிசையில் இருக்கிறவனை எழுப்பிக் கேட்பார். அவன் சரியாகச் சொன்னால்தான் கிளம்புவார்கள்.

நீங்களும் கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்துத் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அடுப்பு இங்கே, தண்ணீர் இங்கே, காய் நறுக்குகிறவர்கள் இங்கே, பந்திக்குப் போகிற வழி இது, எச்சில் இலை போகிற வழி அது, இரண்டும் குறுக்கே வரக்கூடாது. 12 பேரும் அந்தக் கோட்டில் நடந்து பார்க்கட்டும்.

அந்த ஐந்தில் நோக்கம்தான் உயிர். "நீ சாம்பார் பார், நீ பொரியல் பார்" என்பதோடு நிறுத்திவிட்டால் சிலிண்டர் தீர்ந்ததும் எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள். "பதினொன்றரைக்கு முதல் பந்தி உட்காரணும், கடைசிப் பந்திக்கும் பாயசம் இருக்கணும்" என்று நோக்கத்தைச் சொல்லிவிட்டால், சிலிண்டர் தீர்ந்தவள் தானாகவே எந்த அடுப்பை முதலில் இறக்குவது என்று முடிவெடுப்பாள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையைக் கடந்து, மறுநாள் ஊரே வெள்ளத்தில் நின்றபோது சென்னையிலிருந்து ராணுவம் வந்து கிருஷ்ணா நகர் பக்கம் படகில் ஆட்களை மீட்டது உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் பக்கத்துத் தெருக்கள்தானே. அந்த மாதிரி வேலையில் படகில் இருக்கிறவன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மேலே கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. என்ன நோக்கத்துக்காக வந்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும், மீதியை அவனே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள். செக்‌ஷன் கமாண்டருக்கு அடிபட்டால் அடுத்த நொடி பொறுப்பேற்க ஒருவர் எப்போதும் இருப்பார், அவருக்கும் முழுத் திட்டமும் தெரியும். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்குக் கல்யாணம் நடக்குமா? நடக்காது என்றால் இன்றைக்கே ஒருத்தரைத் தயார் செய்யுங்கள்.

வேலை முடிந்த பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசுவதையும் விடாதீர்கள். எங்கே தவறியது என்று பேசும்போது வயதிலும் அனுபவத்திலும் சின்னவரை முதலில் பேச விடுங்கள். கோர்ட் மார்ஷலில்கூட உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கும்போது பதவியில் இளையவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் சின்னவர் அதையே திருப்பிச் சொல்வார், அல்லது பேசவே மாட்டார். உங்கள் குழுவில் பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்குத்தான் எந்தக் கூட்டு அதிகம் மிஞ்சியது என்று சரியாகத் தெரியும். அவரிடமிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நான்கு வருடத்துக்கு ராணுவத்தில் சேர்க்கிற அக்னிவீர் திட்டத்தில் நான் முதல் பேட்ச். நான்கு வருடம் முடியப் போகிறது. நிரந்தரம் ஆவேனா தெரியாது. முடிந்ததும் மொத்தமாகக் கிடைக்கிற சேவா நிதியை வைத்துக் கார் வாங்கி டிராவல்ஸ் ஓட்டலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
(பாகூர் வாசகர்)

தம்பி, நேராகவே சொல்கிறேன். உங்கள் பேட்ச்சில் நிரந்தரம் ஆவது 25 சதவீதம் வரை என்பதுதான் 2022-ல் அறிவித்த திட்டம். ஆகாதவர்களுக்கு பென்ஷன் கிடையாது, கேன்டீன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. ஆகவே மேலே வில்லியனூர் சகோதரிக்குச் சொன்ன ஒதுக்கீடு உங்களுக்குப் பொருந்தாது, குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கென்று இருப்பது மத்திய ஆயுதக் காவல் படைகளில் தனி ஒதுக்கீடும், முதல் பேட்ச் என்பதால் ஐந்து வருட வயதுத் தளர்வும். அதற்கான தேர்வுக்கு இப்போதே படிக்கத் தொடங்குங்கள்.

சேவா நிதி சுமார் 11.71 லட்சம், வரி இல்லை. பணம் வந்த நாளிலிருந்து சொந்தக்காரர், சிட்ஃபண்டு, மாதம் இவ்வளவு வட்டி என்கிறவர் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டுவிட்டு ஆறு மாதம் தொடாதீர்கள். கார் கடனில் வாங்கி ஓட்டுகிற பையன்களிடம் போய் ஈ.எம்.ஐ., டீசல், இன்சூரன்ஸ், சீசன் இல்லாத மாதங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள், கேட்ட பிறகும் ஆசை இருந்தால் முதலில் சம்பளத்துக்கு ஓட்டிப் பாருங்கள். பத்தாவதோடு சேர்ந்திருந்தால் 12-ஆம் வகுப்புக்கு இணையான சான்றிதழையும், இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு உங்கள் பயிற்சியிலிருந்து கிடைக்கிற மதிப்பெண்ணையும் யூனிட்டை விட்டு வருவதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வந்த பிறகு அலைவது கஷ்டம். உங்களுக்கு 23, 24 வயதுதான் இருக்கும். நான்கு வருடம் பனியிலும் வெயிலிலும் நின்றுவிட்டு வருகிற உங்களைத் தோற்றுப் போனவன் மாதிரி ஊரில் யாராவது பேசினால் காதில் வாங்காதீர்கள்.

கேள்வி: ராணுவத்தில் வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கிற ஈ.எம்.ஈ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்தேன். பண்ருட்டியில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட ஆசை. கடன் கிடைக்குமா?
(பண்ருட்டி வாசகர்)

கிடைக்கும். 2024 சுதந்திர தின உரையில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் உண்டு. இது தமிழ்நாட்டுத் திட்டம், புதுச்சேரிக்காரர்களுக்குப் பொருந்தாது. கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள்.

ஆனால் ஒரு கோடி வரை தருகிறார்கள் என்பதற்காக அத்தனையும் வாங்க வேண்டாம். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டால் வரும், விலை உங்கள் கண்ணில் படாது, வண்டிக்காரனும் பணம் பாக்கி வைக்க மாட்டான். பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றுகிற மினி லாரிக்காரர் சீசன் முடிந்ததும் தருகிறேன் என்பார். மூன்று நான்கு மாதம் யாராவது ஒருவருடைய ஷெட்டில் கூலிக்கு நின்று, பில் போடுவதையும் பாக்கி வசூலிப்பதையும் கற்றுக்கொண்டு, அப்புறம் திட்ட அறிக்கை எழுதுங்கள். அதில் முதல் ஆறு மாதம் வருமானம் இல்லாமல் ஓட்டுகிற செலவையும் சேர்த்துக் காட்டுங்கள்.